எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்: கதையை எடுத்துக்கொண்ட பிறகு லியோனி என்ன செய்தார்?

கேள்வி கேட்டவர் சுருக்கமாகத்தான் கேட்டிருக்கிறார். "யோஜிம்போ பார்த்துவிட்டு எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ் பார்த்தேன், அப்பட்டமான காப்பி. பிறகு எதற்காக செர்ஜியோ லியோனியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்? சினிமாவை மாற்றிய படம் என்கிறார்களே, எதை மாற்றியது?" முதல் பாதிக்குப் பதில் ஒரே சொல்: ஆமாம், காப்பிதான். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டாவது பாதி என்று எனக்குத் தோன்றுகிறது. கதை இன்னொருவருடையது என்றால், படத்தில் இயக்குநருக்கென்று மிச்சம் என்ன இருக்கிறது? இது நல்ல கேள்வி, ஒரு வரியில் முடிகிற கேள்வியும் இல்லை. நான் எடிட்டிங் படித்தவன், பிலிமை வெட்டி ஒட்டிய காலத்திலேயே தொழிலுக்கு வந்தவன், இப்போது மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறேன், அந்த வகுப்புகளில் இந்தப் படத்தை ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறோம். அதனால் கேமரா, ஒலி, வெட்டு இவை பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். படப்பிடிப்பில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வேறு. எனக்கு இத்தாலிய மொழி தெரியாது, அவர்களுடைய நேர்காணல்களை ஆங்கிலம் வழியாகத்தான் படித்திருக்கிறேன், அவற்றில் ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போவதும் இல்லை. அந்த மாதிரி இடங்களில் "அவர் சொன்னது" என்று பெயர் போட்டே எழுதுகிறேன்.

சரி, முதலில் காப்பி விவகாரம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் சாமுராய்ப் படமான யோஜிம்போ 1961இல் வந்தது. இத்தாலிய இயக்குநரான லியோனி அதை 1963இல் ரோமில் பார்த்தார். 1964இல் தன் படத்தை வெஸ்டர்னாக, அதாவது அமெரிக்க மேற்குப் பகுதியின் குதிரை, துப்பாக்கிக் கதையாக எடுத்தார். ஓர் ஊர், அதில் இரண்டு கும்பல், எங்கிருந்தோ வரும் ஒருவன், இரண்டு பக்கமும் காசு வாங்கிக்கொண்டு இரண்டையும் மோதவிட்டு அழிப்பது, நடுவில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றப்போய் மாட்டிக்கொண்டு அடி வாங்குவது, சவப்பெட்டிக்குள் ஒளிந்து தப்புவது, திரும்பி வந்து கணக்கு முடிப்பது, எல்லாமே அங்கிருந்து வந்தவை. சவப்பெட்டி செய்பவரை வைத்து வரும் நகைச்சுவைகூட அங்கே இருப்பதுதான். இத்தனையும் எடுத்துக்கொண்டு உரிமை வாங்கவில்லை. யோஜிம்போவைத் தயாரித்த தோஹோ நிறுவனமும் குரோசாவாவும் வழக்குப் போட்டார்கள், கடைசியில் சமரசம் ஆனது. உலக வசூலில் 15 சதவீதமும், ஜப்பான், தைவான், தென் கொரியா ஆகிய இடங்களின் விநியோக உரிமையும் ஜப்பானியத் தரப்புக்குப் போனது. இதில் மழுப்புவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு கலைஞனின் உழைப்பை அனுமதி கேட்காமல் எடுத்தார்கள், அதற்குப் பணம் கட்டினார்கள். "அருமையான படம், ஆனால் அது என் படம்" என்று குரோசாவா லியோனிக்குக் கடிதம் எழுதினார் என்பது எல்லாப் புத்தகங்களிலும் வருகிறது. இந்தப் படத்தின் பங்கில் குரோசாவாவுக்கு யோஜிம்போவைவிட அதிகமாகப் பணம் வந்தது என்று ஒரு பேச்சும் உண்டு, அதை நான் வெறும் பேச்சாகவே வைத்துக்கொள்கிறேன்.

லியோனி தரப்பு வாதம் என்னவென்றால், இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்யும் ஒருவன் என்ற கதை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கார்லோ கோல்தோனியின் இத்தாலிய நாடகத்தில் இருக்கிறது, ஆகவே நான் என் வீட்டுப் பொருளைத்தான் திரும்ப எடுத்தேன் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு இது ஒப்பவில்லை. கோல்தோனியின் வேலைக்காரன் வயிற்றுப்பாட்டுக்காக இரண்டு பேரிடம் சேர்ந்து குழப்பிக்கொள்கிறவன், ஊரை அழிக்கிறவன் இல்லை. டாஷியல் ஹாமெட்டின் ரெட் ஹார்வெஸ்ட் நாவலை இதைவிட நியாயமாக இழுக்கலாம். ஒரு சுரங்க ஊரில் ஒரு துப்பறிவாளன் கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிடும் 1929ஆம் ஆண்டு நாவல் அது. யோஜிம்போவுக்கே அதுதான் மூலம் என்று வாதிடும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். ஹாமெட்டின் வேறொரு கதையிலிருந்து வந்த தி கிளாஸ் கீ படத்தைத்தான் குரோசாவா தன் பங்குக்குக் குறிப்பிட்டிருக்கிறார். ஆக அமெரிக்கக் குற்றக் கதை ஜப்பானுக்குப் போய் சாமுராய்க் கதையாகி, இத்தாலிக்கு வந்து மறுபடி அமெரிக்கக் கதையானது என்று சொல்லலாம். ஆனாலும் லியோனி எடுத்தது ஹாமெட்டிடமிருந்து இல்லை, குரோசாவாவிடமிருந்துதான். இரண்டு படங்களையும் காட்சி வரிசையாக எழுதிப் பார்த்தால் சந்தேகமே வராது.

அப்படி எழுதிப் பார்க்கும்போதுதான் லியோனியின் படத்தில் மட்டும் இருப்பவையும் கண்ணில் படும். ஆற்றங்கரையில் மெக்ஸிக சிப்பாய்களை வில்லன் ரமோன் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துவது, செத்த சிப்பாய்கள் இருவரைக் கல்லறைத் தோட்டத்தில் உயிரோடு இருப்பவர்கள் போல உட்காரவைத்து இரண்டு கும்பலையும் அங்கே வரவழைப்பது, கடைசியில் நாயகன் நெஞ்சில் கட்டிக்கொண்டு வரும் இரும்புத் தகடு, இவையெல்லாம் யோஜிம்போவில் கிடையாது. குரோசாவாவின் வில்லனிடம் கைத்துப்பாக்கி, நாயகனிடம் வாள். அங்கே பழைய உலகம் புதிய ஆயுதத்தோடு மோதுகிறது. லியோனியின் படத்தில் இரண்டு பேரிடமும் துப்பாக்கி, ஒருவனிடம் வின்செஸ்டர் ரைஃபிள், மற்றவனிடம் கைத்துப்பாக்கி. அந்தப் பழைய உலகம், புதிய உலகம் என்ற எண்ணமே இங்கே விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது ஒரு சடங்கு. குரோசாவாவின் படம் சமூகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது, லியோனியின் படம் சாவை ஒரு திருவிழாவாக நடத்துகிறது. கதையாக மட்டும் ஒப்பிட்டால் குரோசாவாவின் படம் உயரத்தில் நிற்கிறது என்பது என் கருத்து. அதனால் லியோனியின் சாதனையைக் கதையில் தேடுவதில் பலன் இல்லை. அது எப்படி எடுக்கப்பட்டது என்பதில் தேட வேண்டும்.

அந்தக் காலத்து இத்தாலிய சினிமாவின் நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐம்பதுகளின் கடைசியிலிருந்து ரோமில் ஹெர்குலிஸ் மாதிரியான புராண வீரர்களின் படங்கள் சக்கைப்போடு போட்டன. லியோனியே 1961இல் தி கொலோசஸ் ஆஃப் ரோட்ஸ் என்று ஒன்றை இயக்கியவர்தான். 1964 வாக்கில் அந்த அலை ஓய்ந்துபோயிருந்தது, தயாரிப்பாளர்கள் அடுத்து எதை எடுப்பது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் மேற்கு ஜெர்மனியில் ஜெர்மன் எழுத்தாளர் கார்ல் மே எழுதிய கதைகளை வைத்து யூகோஸ்லாவியாவில் எடுத்த வெஸ்டர்ன் படங்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஐரோப்பாவிலேயே வெஸ்டர்ன் எடுக்கலாம், ஜனங்கள் பார்க்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிட்டது. ரோமின் ஜாலி ஃபிலிம், ஜெர்மனியின் கான்ஸ்டான்டின், ஸ்பெயினின் ஓஷன் ஃபிலிம் மூன்றும் சேர்ந்து போட்ட பணம் சுமார் 2,00,000 டாலர். ஜாலி ஃபிலிம் அப்போது புல்லட்ஸ் டோன்ட் ஆர்க்யூ என்று இன்னொரு வெஸ்டர்னையும் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் நம்பிக்கை வைத்திருந்தது அந்தப் படத்தின் மேல். நம் படம் அதோடு சேர்த்து ஒப்பேற்றப்பட்ட சின்னப் படம், இடமும் ஆட்களும் கூடியவரை அங்கிருந்தே வந்தன. ஊர்த் தெருக் காட்சிகள் மாட்ரிட் பக்கத்திலுள்ள ஓயோ தெ மன்சனாரெஸில் ஏற்கெனவே நின்றிருந்த வெஸ்டர்ன் செட்டில் எடுக்கப்பட்டன, திறந்தவெளிக் காட்சிகள் சில தெற்கே அல்மேரியாவில்.

நடிகர் தேர்வும் இப்படித்தான். ஹென்றி ஃபோண்டா, சார்ல்ஸ் பிரான்சன் எல்லாம் கைக்கு எட்டவில்லை. ஜேம்ஸ் கோபர்ன் கேட்டது 25,000 டாலர், அதுவும் கட்டுப்படியாகவில்லை. ரோமில் அப்போது நடித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஹாரிசன் தனக்கு வந்த வாய்ப்பை மறுத்துவிட்டு, அமெரிக்கத் தொலைக்காட்சியில் ராஹைட் தொடரில் நடிக்கும் பையனைப் பாருங்கள் என்று கைகாட்டினார். 15,000 டாலருக்குத் தொடரின் விடுமுறையில் ஸ்பெயினுக்கு வந்து சேர்ந்தவர்தான் கிளின்ட் ஈஸ்ட்வுட். தொடரில் அவர் முகம் மழித்த, சொன்ன பேச்சைக் கேட்கிற மாட்டுக்கார இளைஞன். அந்தப் பிம்பத்தை உடைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. கறுப்பு ஜீன்ஸை ஹாலிவுட்டில் வாங்கியதாகவும், பூட்ஸும் துப்பாக்கி பெல்ட்டும் ராஹைட் தொடரிலிருந்து கொண்டுவந்ததாகவும், சுருட்டை பெவர்லி ஹில்ஸ் கடையில் வாங்கியதாகவும் ஈஸ்ட்வுட் சொல்லியிருக்கிறார், தாடியோடு சுருட்டைக் கடித்துக்கொண்டு நின்ற அவருக்குப் புகைபிடிக்கும் பழக்கமே கிடையாது. படத்தில் அவர் போர்த்தியிருக்கும் போன்சோ என்ற மேல்போர்வை யார் யோசனை என்பதில் மட்டும் ஈஸ்ட்வுட் ஒன்று சொல்வார், லியோனி இன்னொன்று சொல்வார், கலை இயக்குநர் கார்லோ சிமி தரப்பிலும் உரிமை கொண்டாடப்பட்டது. இதைத் தீர்த்துவைக்க இப்போது வழியில்லை. தன் வசனத்தை ஈஸ்ட்வுட் பக்கம் பக்கமாக வெட்டச் சொன்னார் என்பதும் அவர் வாய்மொழிதான், ஆனால் படத்தைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. முன்கதை சொல்லவேண்டிய இடம் ஒன்று படத்தில் வருகிறது. எதற்காக எங்களுக்கு உதவுகிறாய் என்று, நாயகன் காப்பாற்றும் குடும்பத்துப் பெண் மரிசோல் அவனிடம் கேட்கிறாள். முன்பு உன்னைப் போல ஒருத்தியைத் தெரியும், அப்போது உதவ யாரும் இல்லை என்கிற அளவில் முடித்துவிடுகிறான். வேறு இயக்குநராக இருந்தால் அங்கே ஒரு ஃபிளாஷ்பேக் வந்திருக்கும்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இந்தப் படம் டெக்னிஸ்கோப் என்ற முறையில் எடுக்கப்பட்டது. அது டெக்னிகலர் நிறுவனத்தின் இத்தாலியக் கிளை அறுபதுகளின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஏற்பாடு. வழக்கமான 35 மி.மீ. பிலிமில் ஒரு ஃபிரேமின் உயரம் பிலிம் ஓரத்திலுள்ள துளைகளில் நான்கு. டெக்னிஸ்கோப்பில் இரண்டே துளைகள். பிலிம் பாதி வேகத்தில் நகரும், ஆகவே 11 நிமிடம் ஓடுகிற 1,000 அடி ரோல் 22 நிமிடம் ஓடும். நெகட்டிவ் செலவு பாதி, கழுவும் செலவும் பாதி. உயரம் பாதியாகக் குறைவதால் படம் தானாகவே அகலத்திரை வடிவத்துக்கு வந்துவிடுகிறது. லேபில் அதை மேல்கீழாக இழுத்து வழக்கமான ஸ்கோப் பிரிண்ட்டாக மாற்றிக்கொள்வார்கள். நெகட்டிவ் சின்னது என்பதால் திரையில் குறுணை, அதாவது பிலிமின் பொடிப் புள்ளிகள், அதிகமாகத் தெரியும், அதுதான் இதற்குக் கொடுக்கவேண்டிய விலை. காசு மிச்சம் பண்ண வந்த சமாச்சாரம் இது, அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் இதில் இன்னொன்று இருக்கிறது. அன்றைய சினிமாஸ்கோப் எடுக்கப் பக்கவாட்டில் படத்தை அமுக்கும் விசேஷ லென்ஸ் வேண்டும். அந்த லென்ஸைக் கொண்டு முகத்துக்கு மிக அருகில் போனால் கன்னம் வீங்கினாற்போல அகன்று தெரியும், அருகே ஃபோகஸ் பிடிப்பதும் கஷ்டம். அதனால் ஸ்கோப் படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் தள்ளி நின்றே எடுத்தார்கள், அகலத்திரை என்றாலே நிலக்காட்சிக்கு என்ற எண்ணமும் இருந்தது. டெக்னிஸ்கோப்பில் சாதாரண லென்ஸே போதும். எவ்வளவு கிட்டேயும் போகலாம், முகம் கோணாது, அதோடு முன்னால் இருக்கும் கையும் பின்னால் தெருமுனையில் நிற்கும் ஆட்களும் ஒரே ஷாட்டில் தெளிவாக விழும். ஒளிப்பதிவாளர் மாசிமோ தல்லமானோவும் லியோனியும் இந்த வசதியைப் பிடித்துக்கொண்டார்கள். வியர்வையும் தூசியும் சுருக்கமுமாக ஒரு முகம் நாற்பதடித் திரையில் நெற்றியும் மோவாயும் வெட்டப்பட்டு வந்து நிற்கிறது. அடுத்த ஷாட்டில் முன்னால் ஒரு ஜோடி பூட்ஸ், அதற்கு அப்பால் தூரத்தில் வரிசையாக ஐந்து பேர். நடுத்தர ஷாட்டுகளை லியோனி கூடியவரை குறைத்துவிட்டு, மிகக் கிட்டே, மிகத் தொலைவில் என்று இந்த இரண்டுக்கும் நடுவே வெட்டுகிறார். இது எடிட்டிங் பாடப் புத்தகத்துக்கு நேர் எதிர். கிட்டத்திலிருந்து தூரத்துக்கு ஒரே வெட்டில் போனால் பார்ப்பவர் அதிர்வார், நடுவில் ஒரு படி வை என்பதுதான் அன்று எல்லோரும் கற்றது. லியோனிக்கு அந்த அதிர்வுதான் வேண்டியிருந்தது.

ஒலி விஷயமும் இதே மாதிரிதான். படப்பிடிப்பில் ஈஸ்ட்வுட் ஆங்கிலம் பேசுகிறார், ரமோனாக வரும் ஜான் மரியா வொலொன்தே இத்தாலியன், மரிசோலாக வரும் மரியானே கோக் ஜெர்மானியர், சத்திரக்காரர் சில்வனீத்தோவாக வரும் ஹோசே கால்வோ ஸ்பானியர். இத்தாலியில் அந்தக் காலத்து வழக்கப்படி படப்பிடிப்பில் ஒலி முக்கியமில்லை, எல்லாம் பிறகு டப்பிங்தான். இத்தாலியப் பதிப்பில் ஈஸ்ட்வுட்டுக்குக் குரல் கொடுத்தவர் என்ரிகோ மரியா சலேர்னோ. உதட்டசைவு பொருந்தாது, அது குறைதான், பல பேருக்கு இன்றும் எரிச்சலூட்டும் குறை. ஆனால் நேரடி ஒலி இல்லை என்றால் ஒவ்வொரு சத்தத்தையும் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒருவர் முடிவெடுக்கிறார். காற்று மட்டும் போதும், கூட்டத்தின் சலசலப்பு வேண்டாம், பூட்ஸில் மாட்டும் ஸ்பர் முள்ளின் கிணுகிணுப்பு வேண்டும், துப்பாக்கிச் சத்தம் நிஜத்தைவிடப் பல மடங்கு பெரிதாக வேண்டும் என்று முடிவெடுத்தால், ஒலி சும்மா பதிவாக இருக்காது, இசைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கோடம்பாக்கத்தில் டப்பிங்கில் வேலை பார்த்த யாருக்கும் இது உடனே புரியும்.

இசையமைப்பாளர் எனியோ மோரிக்கோனே இங்கேதான் நுழைகிறார். அவரும் லியோனியும் ஆரம்பப் பள்ளியில் ஒரே வகுப்பு, அந்த வகுப்புப் புகைப்படம்கூட இருக்கிறது. ஆனால் லியோனியை இழுத்தது பழைய நட்பு இல்லை. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியின் பாஸ்ச்சர்ஸ் ஆஃப் பிளென்டி பாடலைப் பீட்டர் டெவிஸ் என்ற அமெரிக்கப் பாடகருக்காக மோரிக்கோனே 1962இல் இசையமைத்துக் கொடுத்திருந்தார். சாட்டைச் சொடுக்கு, மணியோசை என்று விநோதமான சத்தங்கள் அதில் இருந்தன. லியோனி அதைக் கேட்டுவிட்டு, பாட்டை எடுத்துவிடு, மிச்சத்தை அப்படியே வை என்றார். பாடிய மெட்டுக்குப் பதிலாக அலெஸ்ஸாந்த்ரோ அலெஸ்ஸாந்த்ரோனியின் சீட்டி வந்தது, அதுதான் டைட்டில் இசை. அமெரிக்க வெஸ்டர்னில் அதுவரை பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வயலின்களோடு பரந்த புல்வெளியைப் பாடிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு சீட்டி, ஒரு மின் கிட்டார், ஒரு சாட்டை, ஆண்குரல்களின் அதட்டல். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் காசில்லை என்பதும் காரணம், ஆனால் காசில்லாத எல்லோருக்கும் இப்படித் தோன்றிவிடாது. கடைசிச் சண்டைக்கு லியோனி கேட்டது ரியோ பிராவோ படத்தில் வரும் தெகுவேயோ மாதிரியான டிரம்பெட் இசை. இன்னொருவர் இசையை நகலெடுக்க மாட்டேன் என்று மறுத்த மோரிக்கோனே, தொலைக்காட்சி நாடகம் ஒன்றுக்குத் தான் முன்பே எழுதிவைத்திருந்த தாலாட்டு ஒன்றை எடுத்து, மிகேலே லச்செரன்சாவின் டிரம்பெட்டில் ஊதவைத்தார். கொலைக்களத்தில் நாம் கேட்பது ஒரு தாலாட்டு.

அந்தக் கடைசிக் காட்சியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். டைனமைட் வெடித்துத் தெரு முழுக்கப் புழுதி. புழுதிக்குள்ளிருந்து போன்சோ போட்ட உருவம் நடந்து வருகிறது. ரமோன் ரைஃபிளால் நெஞ்சைக் குறிபார்த்துச் சுடுகிறான், இவன் விழுகிறான், எழுகிறான், "இதயத்தைக் குறிபார், ரமோன்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி நடக்கிறான். ரமோன் ஒவ்வொரு முறையும் நெஞ்சில்தான் சுடுவான் என்பது முன்பே நமக்குக் காட்டப்பட்டுவிட்டது. ரைஃபிள் காலியான பிறகு நாயகன் போன்சோவை விலக்கி, நெஞ்சில் கட்டியிருந்த இரும்புத் தகட்டைக் கழற்றிக் கீழே போடுகிறான். அப்புறம் இருவரும் தரையில் கிடக்கும் ஆயுதத்தை எடுத்துத் தோட்டா போட்டுச் சுடும் போட்டி. சம்பவம் என்று பார்த்தால் மிகக் கொஞ்சம். காட்சியோ நிமிஷக்கணக்கில் நீளுகிறது. பார்வை, பூட்ஸ், கை, மறுபடி பார்வை, அதன் மேல் டிரம்பெட். இசை முழுதாக முடியட்டும் என்று லியோனி சில இடங்களில் காட்சியை நீளவிட்டார் என்று மோரிக்கோனே சொல்லியிருக்கிறார், அது உண்மைதான் என்பது வெட்டுகளைப் பார்த்தாலே தெரியும். சாதாரணமாக எடிட்டர் செய்வது காலத்தைச் சுருக்குவது. இங்கே சில நொடி விஷயம் காலத்துக்கு மேல் காலமாக இழுக்கப்படுகிறது, எவ்வளவு இழுத்தால் நாண் அறாது என்று தெரிந்து இழுக்கப்படுகிறது. இந்த உத்தி இந்தப் படத்தில் முழுமையடையவில்லை. 1966இல் தி குட், தி பேட் அண்ட் தி அக்லியின் கல்லறைத் தோட்டத்து மும்முனைச் சண்டையில்தான் அது உச்சத்துக்குப் போனது. ஆனால் தொடங்கியது இங்கே. யோஜிம்போவில் சண்டைகள் மின்னல் மாதிரி முடிந்துவிடும். ஆகவே எடிட்டராக நான் சொல்வேன், கதையை எடுத்த இடத்திலிருந்து லியோனி காலத்தை எடுக்கவில்லை, அது அவருடையது.

படம் 1964 செப்டம்பர் 12 அன்று ஃபிளாரன்ஸில் வெளியானது. இத்தாலியர்களே இத்தாலிய வெஸ்டர்னை நம்ப மாட்டார்கள் என்று எல்லோரும் அமெரிக்கப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். லியோனி ஆனது பாப் ராபர்ட்ஸன், மௌனப்பட இயக்குநராக இருந்த அவர் அப்பா ரொபெர்த்தோ ரொபெர்த்தி என்ற புனைபெயரில் இயங்கியவர், அவருடைய மகன் என்று பொருள்படும்படி வைத்துக்கொண்டது. மோரிக்கோனே ஆனது டேன் சாவியோ, வொலொன்தே ஆனது ஜான் வெல்ஸ். பெரிய விளம்பரம் இல்லாமல் வாய்வழியாகப் பரவி ஓடிய படம் இது. படப்பிடிப்பின்போது தி மாக்னிஃபிசென்ட் ஸ்ட்ரேஞ்சர் என்று பெயர் இருந்ததால், இத்தாலியில் ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ் சக்கைப்போடு போடுகிறது என்ற செய்தியை வாசித்தபோது அது தன் படம் என்றே தெரியவில்லை என்பார் ஈஸ்ட்வுட். உரிமைச் சிக்கல் தீர்ந்து அமெரிக்காவில் வெளியாக 1967 ஜனவரி ஆனது. அதே வருடத்துக்குள் இதையும், லியோனி ஈஸ்ட்வுட்டை வைத்து அடுத்து எடுத்த ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர், தி குட், தி பேட் அண்ட் தி அக்லி இரண்டையும் சேர்த்து மூன்று டாலர் படங்களையும் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வெளியிட்டது. "பெயரில்லாத மனிதன்" என்பதும் அந்த நிறுவனத்தின் விளம்பர யோசனைதான், இந்தப் படத்தில் அவனை ஜோ என்று கூப்பிடுகிறார்கள்.

இனி தாக்கம். உறுதியாகச் சொல்லக்கூடியது முதலில்: இத்தாலியில் ஒரு தொழிலே இதனால் எழுந்தது. அடுத்த பத்து, பன்னிரண்டு வருடங்களில் நூற்றுக்கணக்கான வெஸ்டர்ன் படங்கள் வந்தன. செர்ஜியோ கொர்புச்சியின் ஜாங்கோ 1966இல் சேறும் சவப்பெட்டியுமாக வந்து இதைவிடக் கொடூரமாக ஒரு பாதை போட்டது. மெக்ஸிகப் புரட்சியை வைத்து அரசியல் பேசிய படங்கள் வந்தன. அல்மேரியாவின் தபெர்னாஸ் பாலைவனம் நிரந்தரப் படப்பிடிப்புத் தளமானது, அடுத்த படமான ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோருக்காகக் கார்லோ சிமி அங்கே போட்ட செட் இன்றும் சுற்றுலா இடமாக நிற்கிறது. ஈஸ்ட்வுட் நட்சத்திரமாகி, இயக்குநராகி, 1992இல் எடுத்த அன்ஃபர்கிவனைச் செர்ஜியோவுக்கும் டானுக்கும் என்று லியோனிக்கும் இன்னொரு இயக்குநர் டான் சீகலுக்கும் சமர்ப்பித்தார். அந்த இரும்புத் தகட்டுக் காட்சியை பேக் டு தி ஃப்யூச்சர் இரண்டாம் பாகத்தில் டிவியில் ஓடவிட்டு, மூன்றாம் பாகத்தில் நாயகனையே அடுப்புக் கதவைக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போகவைத்தார்கள். நம் பக்கம் பார்த்தால், 1971இல் தெலுங்கில் கிருஷ்ணா நடித்த மோசகாள்ளகு மோசகாடு நேரடியாக டாலர் படங்களைப் பார்த்து எடுக்கப்பட்டது. தமிழில் கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த கங்கா போன்ற படங்களில் அதே தொப்பியையும் குதிரையையும் பார்க்கலாம். 2023இல் கார்த்திக் சுப்பராஜ் ஜிகர்தண்டா டபுள்எக்ஸில் ஈஸ்ட்வுட்டை ஒரு கதாபாத்திரமாகவே கொண்டுவந்தார்.

சந்தேகத்துக்குரியவையும் உண்டு. சுயநலமான, அழுக்கான நாயகனை லியோனிதான் கண்டுபிடித்தார் என்பது மிகை. ராபர்ட் ஆல்ட்ரிச்சின் வேரா குரூஸ் 1954இலேயே அந்த மாதிரி ஆட்களைக் காட்டிவிட்டது. முதல் இத்தாலிய வெஸ்டர்ன் இது என்பதும் தவறு, முன்பே இத்தாலியிலும் ஸ்பெயினிலும் எடுத்திருக்கிறார்கள். சுடுபவனையும் சுடப்படுபவனையும் ஒரே ஃபிரேமில் காட்டக்கூடாது என்ற ஹாலிவுட் விதியை உடைத்தது இந்தப் படம் என்று ஈஸ்ட்வுட் அடிக்கடி சொல்வார், லியோனிக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது, நானும் சொல்லவில்லை என்பார். அந்தத் தணிக்கை மனப்பான்மை இருந்தது உண்மை, ஆனால் அதற்கு முன் ஒருவருமே அப்படிக் காட்டியதில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டு படங்களையும் மறுபடி பார்ப்பதாக இருந்தால் யோஜிம்போவை முதலில் பாருங்கள், அதற்கு அந்த மரியாதை சேரும். இரண்டுக்கும் நடுவே சில நாள் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் கதையை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள். ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸின் ஆங்கிலப் பதிப்பில் ஈஸ்ட்வுட்டின் சொந்தக் குரல் இருக்கிறது, இத்தாலியப் பதிப்பில் வொலொன்தேயின் ரமோன் இன்னும் மிரட்டலாக இருப்பான், முதல் தடவைக்கு ஆங்கிலமே போதும். நாயகனுக்கு ஒரு சிறை அதிகாரி வேலை கொடுத்து அனுப்பும் காட்சியோடு படம் ஆரம்பித்தால் அந்தப் பிரதியை மூடிவிடுங்கள். அது அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகப் பல வருடம் கழித்து மான்டி ஹெல்மன் என்ற இயக்குநரை வைத்து எடுத்து ஒட்டியது, லியோனிக்கும் ஈஸ்ட்வுட்டுக்கும் அதில் பங்கில்லை. கூடியவரை பெரிய திரையில், ஓரங்கள் வெட்டப்படாத அகலத்திரைப் பிரதியில் பாருங்கள். கைப்பேசியில் அந்த க்ளோசப்புகள் வெறும் க்ளோசப்புகளாகத்தான் தெரியும்.